முதல் வண்டி: பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாமா?

குடிபுகுந்த வீட்டில் (தொடர் பகுதி)



"மகனுக்கு இருபது வயது முடிந்துவிட்டது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். புதிது வாங்கக் காசில்லை, அதோடு பழசுதான் வடிவு என்கிறான். தகப்பன் கண்டிப்பாக வேண்டாம் என்கிறார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறேன். இதைப்பற்றி நீங்கள் எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்."

ஓல்போர்க்கில் வசிக்கும் ஒரு தாய் எமக்கு அனுப்பிய கடிதத்தின் சுருக்கம் இது. பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருந்தார், போடவில்லை. ஆனால் இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. பனி விலகி, லிம்பியோர்ட் கரையில் வெயில் எட்டிப்பார்க்கத் தொடங்கியதும் இந்த நகரத்துத் தெருக்களில் மோட்டார் சைக்கிள்களின் சத்தமும் தொடங்கிவிடும். எங்கள் பிள்ளைகளின் கண்ணும் காதும் அங்கே போவது இயல்பே. வேலைக்குப் போய் முதற் சம்பளத்தைக் கையில் எடுத்த பிள்ளை கேட்கும் முதற் பெரிய ஆசை பல வீடுகளில் இதுவாகத்தான் இருக்கிறது.

பெற்றோரின் பயம் எமக்கு விளங்காமலில்லை. செல்லடிக்கும் சோதனைச் சாவடிக்கும் தப்பவைத்து, கடல் கடந்து கொண்டுவந்து சேர்த்த பிள்ளை. அந்தப் பிள்ளையை ஒரு தார்ரோட்டுக்குப் பறிகொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆகவே இந்த இதழில் பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி, அதன் வடிவையும் அதன் ஆபத்தையும் சேர்த்து, கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நில்பிஸ்க் செய்தவர்களின் வண்டி

முதலில் டென்மார்க் நாட்டின் சொந்த மோட்டார் சைக்கிளிலிருந்து தொடங்குவோம். ஆம், இந்தச் சின்ன நாட்டுக்கும் சொந்தமாக ஒன்று இருந்தது.

எம்மவர்களில் பலர் இங்கே பார்த்த முதல் வேலை துப்புரவு வேலை. விடியற்காலையில் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் நாம் இழுத்துத் திரிந்த தூசு உறிஞ்சும் இயந்திரத்தில் 'நில்பிஸ்க்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் நீல்சன், பிஸ்கர் என்ற இரண்டு பேரின் பெயர்களிலிருந்து வந்தது. 1906ஆம் ஆண்டு கொப்பன்ஹேகனில் அவர்கள் தொடங்கிய தொழிற்சாலை 1910இல் மின்சாரத் தூசு உறிஞ்சியைச் செய்தது. அதே தொழிற்சாலை 1919இல் ஒரு மோட்டார் சைக்கிளையும் செய்தது. அதன் பெயர் 'நிம்பஸ்'.

முதலில் வந்த நிம்பஸில் தடித்த வட்டக் குழாய் ஒன்று வண்டியின் முதுகெலும்பாகவும் பெற்றோல் தாங்கியாகவும் இருந்தது. டேனிஷ்காரர் அதற்கு 'அடுப்புப் புகைக்குழாய்' என்று பட்டம் வைத்தார்கள். 1928இல் அந்த உற்பத்தி நின்றுபோயிற்று. 1934இல் முற்றிலும் புதிய வடிவத்தில் 'சீ' மாதிரி வந்தது. அது 1960 வரை ஏறத்தாழ மாறாமலே செய்யப்பட்டது. மொத்தமாக ஏறத்தாழ 12,700 வண்டிகள். அதன் இயந்திரம் எழுப்பும் ரீங்காரத்தால் அதற்கு 'ஹும்லபீன்' என்று பெயர் விழுந்தது. அந்த உருண்டைத் தேனீயைக் கோடையில் இங்குள்ள பூந்தோட்டங்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள்.

நிம்பஸின் வேலைப்பாடு சொல்லத்தக்கது. 746 சீசீ இயந்திரம். நான்கு சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். பின்சில்லுக்குச் செயின் இல்லை. காரில் இருப்பதுபோலத் தண்டு மூலம் வலு போகிறது. சட்டகம் தட்டையான இரும்புப் பட்டைகளை ஆணியறைந்து பொருத்தியது. ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் குழாய்களால் ஆன முன்கவை 1934இலேயே அதில் இருந்தது. வால்வுகளின் சுருள்வில்கள் மூடியின்றி வெளியே தெரியும். ஓடும்போது அவை குதிப்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம். காற்சட்டையில் ஒயில் படுவதையும் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

இந்த நாட்டு இராணுவமும் தபாற்சேவையும் நிம்பஸைப் பெருமளவில் வாங்கின. பக்கப்பெட்டி பூட்டிய நிம்பஸில் கடிதமும் பொதியும் வீடு வீடாகப் போயின. இன்றும் சில ஆயிரம் நிம்பஸ்கள் உயிரோடிருக்கின்றன. 'டன்மார்க்ஸ் நிம்பஸ் டூரிங்' என்ற சங்கம் அவற்றின் சொந்தக்காரரை ஒன்றுசேர்க்கிறது. தொழிற்சாலை கைவிட்டு அறுபது வருடம் கடந்தும் அதற்குரிய சாமான்கள் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. தன் கையால் செய்த ஒன்றை ஒரு சிறிய நாடு எப்படிப் பேணுகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எங்கள் ஊரின் பழைய வண்டிகள்

பழைய மோட்டார் சைக்கிளை உயிரோடு வைத்திருப்பது எங்களுக்கும் புதிய விடயமல்ல. 1958இல் ஜப்பானில் தொடங்கிய ஹொண்டா 'சூப்பர் கப்' குடும்பம் 2017இல் பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டியது. அந்தக் குடும்பத்தின் சீ 50, சீ 90 வண்டிகளில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் எத்தனை வருடம் ஓடினார்கள்! எம்டி 90 வண்டியை மறந்தவர் உண்டோ? அது ஜப்பானின் தபாற்காரர்களுக்காகச் செய்யப்பட்ட வண்டி. டேனிஷ் தபாற்காரனுக்கு நிம்பஸ், ஜப்பான் தபாற்காரனுக்கு எம்டி 90. இரண்டும் தங்கள் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் சனங்களைச் சுமந்தன.

1990இன் பின் வடக்கில் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது எங்கள் மெக்கானிக்குகள் செய்த வித்தையைப் புத்தகத்தில் படித்து யாரும் செய்திருக்க முடியாது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது; சூடேறிய இயந்திரத்தில் ஓரளவு ஆவியாகும். ஆகவே சிறு போத்தலில் பொக்கிஷம்போல் வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். புகை மண்டியது, பிளக் அடிக்கடி கரிப்பிடித்தது. ஆனாலும் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அக்கரையில் சென்னையையும் பாருங்கள். 1955இல் திருவொற்றியூரில் இங்கிலாந்து நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கிய தொழிற்சாலையில் 'றோயல் என்பீல்ட் புல்லட்' செய்யப்பட்டது. இங்கிலாந்தில் அந்தப் பெயர் அணைந்த பிறகும் சென்னை அதை அணையவிடவில்லை. இன்று ஐரோப்பியத் தெருக்களிலும் அந்த வண்டி ஓடுகிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம் என்றால், பழைய வண்டியில் ஆசை வைக்கும் பிள்ளை ஏதோ வெள்ளைக்காரப் பைத்தியம் பிடித்தவன் என்று எண்ணவேண்டாம். அந்த ஆசை அவனுடைய தகப்பனின் கராஜிலிருந்தும் வந்திருக்கலாம்.

முதல் வண்டியாகப் பழையது நல்லதா?

இதற்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்ப்போம்.

பழைய வண்டியின் நன்மை முதலாவது அதன் வலு குறைவு. நிம்பஸுக்கு 18 முதல் 22 குதிரைவலு மட்டுமே. இன்றைய நடுத்தர வண்டிகள் இதைப்போல் மூன்று மடங்கு வலுவுள்ளவை. கைப்பிடியைத் திருகியவுடன் பாய்ந்துபோகாத வண்டி இளம் கைக்கு நல்லது. இரண்டாவது, பழைய வண்டியின் உள்ளுடல் கண்ணுக்குத் தெரியும். கணினி இல்லை. ஒரு பெட்டிச் சாவிகளோடு பாதி வேலையை நாமே செய்யலாம். மூன்றாவது, கவனமாக வாங்கினால் அதன் விலை வருடாவருடம் சரிந்துபோகாது.

தீமை முதலாவது பிரேக். இதைத்தான் நாம் எல்லாவற்றிலும் மேலாகச் சொல்ல விரும்புகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 125 சீசீக்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள் மாதிரிகளுக்கு 2016இலிருந்தும், விற்கப்படும் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் 2017இலிருந்தும் சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். பழைய வண்டியில் அது இல்லை. மிகப் பழையதில் முன்னாலும் பின்னாலும் சிறிய டிரம் பிரேக்தான். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடியில் 22 மீற்றர் போய்விடுகிறோம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். முன்னால் போகும் புதிய கார் 'சடக்' என்று நிற்கும். பின்னால் வரும் 1950ஆம் ஆண்டு வண்டி அப்படி நிற்காது. பயந்துபோன புதிய சாரதி முன்பிரேக்கை இறுகப் பிடித்தால் சில்லு இறுகி, வண்டி சரியும்.

இரண்டாவது தீமை வெளிச்சம். ஆறு வோல்ற் மின்சாரத்தில் எரியும் முன்விளக்கு மெழுகுதிரியைவிடக் கொஞ்சம் மேல். கார்த்திகை மாதத்தில் பிற்பகல் நான்கரைக்கே இருட்டும் இந்த நாட்டில் அது போதாது.

மூன்றாவது தீமையைப் பலர் யோசிப்பதில்லை. பழைய இங்கிலாந்து வண்டிகளிலும் பழைய புல்லட்டிலும் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பயிற்சிப் பாடசாலையில் பழகும் வண்டியில் இதற்கு நேர்மாறு. ஆபத்து வந்த கணத்தில் கால் பழகியபடியே போகும்; பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். ஊரில் இடப்பக்கம் ஓடியவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. போக்குவரத்து நிறைந்த தெருவில் மற்றவர்களைப் பார்த்து வலப்பக்கம் போய்விடுவோம். ஞாயிறு காலை, ஆளில்லாத சந்தியில் திரும்பும்போதுதான் உடம்பு பழைய ஞாபகத்தில் இடப்பக்கம் போகும். எதிரே ஒரு லொறி வந்தால் என்ன ஆகும்?

நான்காவது: ஓடப் பழகுவதும் திருத்தப் பழகுவதும் ஒரே வருடத்தில் என்றால் இரண்டும் அரைகுறையாகப் போகும். வண்டி நடுவழியில் நிற்குமோ என்று காதை இயந்திரத்தில் வைத்திருப்பவனின் கண் தெருவில் இராது.

எனவே எமது கருத்து இதுதான். பழையது என்பதில் இரண்டு வகை உண்டு. 1930 முதல் 1960 வரையிலான நிம்பஸ் போன்ற வண்டி ஒரு வகை. 1970களின் இறுதியிலும் 1980களிலும் வந்த ஜப்பான் வண்டி இன்னொரு வகை. முதல் வண்டியாக வாங்குவதென்றால் இரண்டாவது வகையைப் பாருங்கள். முன்சில்லில் டிஸ்க் பிரேக், பன்னிரண்டு வோல்ற் மின்சாரம், பொத்தானை அமுக்கினால் ஸ்ரார்ட், இடது காலில் கியர்: இந்த நான்கும் உள்ள 250 முதல் 500 சீசீ வண்டி போதும். அதுவும் இன்று முப்பத்தைந்து, நாற்பது வயதுப் பழசுதான், வடிவுக்கும் குறைவில்லை. நிம்பஸில்தான் மனம் என்றால் முதலில் சங்கத்துக்குப் போங்கள். மற்றவரின் பக்கப்பெட்டியில் இருந்து ஓடிப்பாருங்கள். இரண்டு மூன்று கோடை ஓடிக் கை பழகியபின் வாங்குங்கள். ஓடக்கூடிய நிலையிலுள்ள நிம்பஸ் பல பத்தாயிரம் குரோணர் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அனுமதிப்பத்திரம்

ஊரில் பத்து வருடம் ஓடியவர் என்றாலும் அந்த அனுமதிப்பத்திரத்தை நம்பி இங்கே தெருவுக்கு இறங்கவேண்டாம். முதலில் கொம்யூனின் பொர்கசர்வீசில் உங்கள் நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே மோட்டார் சைக்கிளுக்கு மூன்று படிகள் உண்டு. 18 வயதில் ஏ1: 125 சீசீக்கும் 11 கிலோவாற்றுக்கும் மேற்படாதவை. 20 வயதில் ஏ2: 35 கிலோவாற் வரை, அதாவது ஏறத்தாழ 47 குதிரைவலு. 24 வயதில் ஏ: எல்லாம். ஏ2 எடுத்து இரண்டு வருடம் ஆனவர் 22 வயதிலேயே ஏ எடுக்கலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நிம்பஸ் 746 சீசீ என்றாலும் அதன் வலு 16 கிலோவாற்தான். ஆகவே ஏ2 போதும். ஆனால் 1978இல் வந்த ஹொண்டா சீஎக்ஸ் 500 அதைவிடச் சிறிய இயந்திரம் என்றாலும் 50 குதிரைவலு. ஏ2காரர் ஓட முடியாது. சீசீயைப் பார்த்து முடிவெடுக்காமல், பதிவுப் பத்திரத்தில் கிலோவாற் எத்தனை என்று பாருங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டிய வண்டியால் விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் மற்றவருக்குக் கொடுத்த பணத்தை உங்களிடமே திருப்பிக் கேட்கும் நிலை வரலாம். ஒரு குடும்பம் பல வருடம் அந்தக் கடனைச் சுமக்க நேரும்.

கடதாசியைப் பாருங்கள்

வண்டியைப் பார்ப்பதற்கு முன் கடதாசியைப் பாருங்கள். வாகனங்களின் மீதுள்ள கடன்கள் 'பில்போகன்' என்ற பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். அதை நடத்தும் பதிவு நீதிமன்றம் ஓல்போர்க்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றரில், ஹோப்ரோவில் இருக்கிறது. அங்கே போகவேண்டியதில்லை, வண்டியின் இலக்கத்தையோ சட்டக இலக்கத்தையோ கொடுத்து இணையத்திலேயே பார்க்கலாம்.

இது ஏன் முக்கியம்? இந்த நாட்டில் பதிவான கடன் ஆளோடு மட்டும் போவதில்லை, வண்டியோடும் போகும். விற்றவர் வங்கிக்குக் கட்டாமல் விட்டால், வங்கி உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து வண்டியை எடுத்துப்போகலாம். நீங்கள் கொடுத்த காசு காசுதான், வண்டி இல்லை. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் முகம் தெரியாத ஒருவரிடம் சீட்டுக்காசைக் கொடுத்து வண்டி வாங்கி இந்தத் துன்பத்தை அனுபவித்தது. பில்போகனைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது சட்டக இலக்கம். டேனிஷில் 'ஸ்டெல்நும்மர்'. வண்டியின் கழுத்துப் பகுதியில் பெரும்பாலும் பொறித்திருக்கும். அது பதிவுப் பத்திரத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். அரம் போட்டு உரசிய அடையாளம் இருந்தால், விலை எவ்வளவு மலிவென்றாலும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

இலக்கத்தகடு இல்லாத வண்டியிலும் ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்த வண்டியிலும் கவனம் தேவை. விலை குறைவாகத் தெரியும். ஆனால் இங்கே பதிவுவரி கட்டவேண்டி வந்தால் மலிவு மறைந்துவிடும். முப்பத்தைந்து வருடம் கடந்து, மூலநிலை மாறாத வாகனத்துக்கு வரி கணக்கிடும் முறை வேறு, சலுகையும் உண்டு. ஆனால் கண்டபடி மாற்றி வெட்டி ஒட்டிய வண்டிக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. பதிவுவரி கட்டப்பட்டதா என்று எழுத்திலேயே கேளுங்கள்.

காப்புறுதியை வாங்கியபின் யோசிக்கலாம் என்று விடாதீர்கள். மற்றவருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்புறுதி இங்கே கட்டாயம். அது இல்லாமல் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றவும் முடியாது. இளம் சாரதிக்கு எவ்வளவு வரும் என்று இரண்டு மூன்று நிறுவனங்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். பழைய வாகனங்களுக்கான மலிவுக் காப்புறுதி நாள்தோறும் வேலைக்கு ஓடுபவருக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

கடைசியாக விற்பனைப் பத்திரம், அதாவது 'ஸ்லூட்செடெல்'. வாய்ப்பேச்சு போதாது. இரண்டு பேரின் பெயர், விலை, திகதி, நேரம், சட்டக இலக்கம், கடனில்லை என்ற வாசகம் எல்லாம் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அதில் 'சொம் பெசேட்' என்று இருந்தால் 'பார்த்த நிலையில் விற்கப்பட்டது' என்று பொருள். பின்னர் குறை சொல்வது மிகக் கடினமாகிவிடும். காசைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் கொடுங்கள்.

பார்க்கப் போகும்போது

பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில் போங்கள். விடயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். "நாங்கள் வருமுன் இயந்திரத்தை ஸ்ரார்ட் பண்ணவேண்டாம்" என்று விற்பவரிடம் சொல்லுங்கள். முதல் வேலையாக இயந்திரத்தில் கைவைத்துப் பாருங்கள். குளிர்ந்த வண்டி எப்படி உயிர்பெறுகிறது என்பதில்தான் அதன் உண்மை இருக்கிறது.

புகையைப் பாருங்கள். குளிரில் முதலில் வரும் வெள்ளை ஆவி தண்ணீர். அது கொஞ்ச நேரத்தில் போய்விடும். நீலப்புகை நிற்காமல் வந்தால் இயந்திரம் ஒயிலை எரிக்கிறது. கறுப்புப்புகை என்றால் பெற்றோல் அதிகம் போகிறது; அது பெரும்பாலும் காபரேற்றர் வேலையோடு சரிவரும்.

பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கறள் இருந்தால் அது காபரேற்றருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த நாட்டில் சாதாரணப் பெற்றோலில் பத்து வீதம்வரை எதனோல் கலந்திருக்கிறது. அது தண்ணீரை இழுக்கும்; பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு இது பெரிய எதிரி.

ரயரின் பூவை மட்டும் பார்க்காதீர்கள், வயதையும் பாருங்கள். பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. பத்து வருடப் பழைய ரயர் புதிதுபோல் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், ஈரத்தெருவில் பிடிக்காது. மூன்றே இலக்கம் என்றால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. அதில் ஏறவே வேண்டாம்.

முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கி, கைப்பிடியை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்காவது தட்டி நின்றால் கழுத்துப் போறிங் தேய்ந்துவிட்டது. சில்லைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். முன்கவைக் குழாயில் ஒயில் வடிகிறதா? செயினைப் பின்பல்லில் பிடித்து இழுத்தால் தூக்குகிறதா? நிம்பஸ் என்றால் இயந்திரத்தின் முன்னால் நிமிர்ந்து நிற்கும் டைனமோவைக் கவனியுங்கள். அதன் தண்டுதான் மேலுள்ள வால்வு இயக்கத்தையும் சுழற்றுகிறது. அதன் வழியே ஒயில் இறங்கினால் மின்சாரம் கெடும்.

குறை கண்டால் வண்டி கூடாது என்பதில்லை. திருத்தும் செலவை விலையில் கழித்துப் பேசலாம். ஆனால் பிரேக், ரயர், கழுத்து மூன்றிலும் "பிறகு பார்ப்போம்" என்று வீட்டுக்கு ஓட்டிவராதீர்கள். ரெயிலரில் ஏற்றி வாருங்கள்.

அங்குசத்துக்குப் பேரம் பேசக்கூடாது

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசும் கதை எங்களில் பலரிடம் உண்டு. கையில் உள்ள காசு முழுவதையும் வண்டிக்குக் கொடுத்துவிட்டு, தலைக்கவசத்தை யாரோ கழற்றிப்போட்டதில் எடுப்பது அந்த வகைதான். எமது கணக்கு இது: கையிலுள்ளதில் பாதியை மட்டும் வண்டிக்குக் கொடுங்கள். மீதியில் தலைக்கவசம், மேலங்கி, காற்சட்டை, கையுறை, சப்பாத்து, புதிய ரயர், முதல் வருடத் திருத்தவேலை, காப்புறுதி. தலைக்கவசம் ஒருபோதும் பழையது வாங்காதீர்கள். ஒருமுறை விழுந்ததன் உள்ளே நொறுங்கியது கண்ணுக்குத் தெரியாது. ஈசீஈ 22.06 முத்திரை உள்ளதா என்று பாருங்கள்.

முதற் கோடையில் நெடுஞ்சாலைக்கும் இரவுக்கும் போகவேண்டாம். ஹால்ஸ் பக்கமும் லோக்கன் பக்கமும் போகும் 80 கிலோமீற்றர்த் தெருக்கள் போதும். லிம்பியோர்ட் பாலத்தில் பக்கக்காற்று ஒரு கை வைத்துத் தள்ளும். வேகத்தைக் குறைத்துத் தோளைத் தளர்த்திப் போங்கள். வசந்தத்தில் வளைவுகளில் குறுணிக்கல் கிடக்கும். தெருவில் உப்புப் போடத் தொடங்கியதும் வண்டியைக் கழுவித் துடைத்து, காபரேற்றரை வெறுமையாக்கி, பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

வேண்டாம் என்று சொல்லுமுன்

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "வேண்டாம்" என்று சொல்வது உங்கள் உரிமை. ஆனால் இருபது வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் வாசற்கதவுவரைதான் செல்லும். வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிய வண்டிதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வண்டி. அது சிநேகிதன் வீட்டு நிலக்கீழ் அறையில் நிற்கும். அதற்குக் காப்புறுதி இராது, நல்ல தலைக்கவசம் இராது. பிரேக் சரியில்லை என்று சொல்ல வீட்டில் ஆளிராது. மகள் கேட்டாலும் இதே பதில்தான். பெண்பிள்ளை என்பதற்காக வேறு சட்டம் இங்கே தெருவில் இல்லை.

வேண்டாம் என்பதற்குப் பதிலாக "நானும் வாறன், பார்ப்பம்" என்று தகப்பன் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். டேனிஷ் மொழியில் மூன்று வசனம் தொடர்ந்து பேசத் திணறும் தகப்பன், இங்கே பல வருடமாகப் பிள்ளையின் மொழிபெயர்ப்பில் வாழ்கிறார். வைத்தியரிடமும் பிள்ளை, கொம்யூனிலும் பிள்ளை. ஆனால் காபரேற்றரைக் கழற்றிவைத்தால்? மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய கைக்கு அங்கே மொழிபெயர்ப்புத் தேவையில்லை. "இந்த ஊசியை இப்படிப் பிடி. துவாரத்தைக் கம்பியால் குத்தாதை, காத்தடி" என்று சொல்லும்போது அவர் மறுபடி தகப்பனாகிறார், பிள்ளை மறுபடி பிள்ளையாகிறான். அடுத்த வீட்டு டேனிஷ் கிழவர் வேலி ஓரம் வந்து நின்று பார்ப்பார். பழைய வண்டியைக் கண்டால் பேசாமல் போகிற டேனிஷ்காரரை நாம் இன்னும் காணவில்லை. பாடசாலையில் இலக்கணம் படிக்கலாம். நாக்கு இப்படிப்பட்ட இடத்தில்தான் திரும்பும்.

வண்டி வாங்குவதானால் குளிர்காலத் தொடக்கத்தில் பாருங்கள். அப்போது விற்பவர்கள் அதிகம், வாங்குபவர்கள் குறைவு. பனிக்காலம் முழுவதும் கராஜில் வைத்து இருவரும் கழற்றிப் பூட்டலாம். சித்திரை பிறக்கும்போது வண்டியின் ஒவ்வோர் ஆணியும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். தான் கையால் பூட்டிய பிரேக்கை நம்பி எவ்வளவு வேகம் போகலாம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த இதழில் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம். உங்கள் கடிதங்களை எதிர்பார்க்கிறோம்.